கிரீடத்தினுள் ஒரு பேன்

சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், புத்தூரைக் கடந்த பின் வருவது வடமாலபேட்டை. திருமலைக்குச் செல்லும் யாத்திரிகர்கள் இவ்வூரை வண்டியின் சாளரம் வழியே பார்த்துவிட்டுக் கடந்து போவதே வழக்கம். சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022ஆம் ஆண்டில் மாவட்டங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. மாவட்டம் எதுவாயினும் இப்பகுதியின் இயல்பு மாறவில்லை. கடைவீதியில் ஒருவர் தெலுங்கில் விலை கேட்பார். மற்றவர் தமிழில் விடை சொல்வார். இருவரும் இதை ஒரு புதுமையாகக் கருதுவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கோடைக்காலத்தில், அவ்வூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் உறவினர் இல்லத்தில் தங்க நேர்ந்தது. சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் பல ஊர்களில் திரௌபதி அம்மனுக்கும் தருமராசருக்கும் கோயில்கள் உண்டு. அங்கே பாரத விழா நடைபெறும் நாட்களில் பகலில் கதை சொல்வார்கள். இரவில் கூத்து ஆடுவார்கள். முடிவில் அன்பர்கள் தீ மிதிப்பார்கள். அன்றிரவு நான் கண்டது திரௌபதி துகிலுரியப்படும் கூத்து. ஆட வந்திருந்தவர்கள் தமிழ்க் கூத்தர்கள். பார்க்க வந்திருந்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள்.

முகவீணை ஒலித்தது, மத்தளம் முழங்கியது. திரையை விலக்கிக்கொண்டு துரியோதனன் வெளிப்பட்டான். தோள்களில் மரத்தாலான புஜக்கட்டைகள். தலையில் கோபுரம் போன்ற கிரீடம். தன் பெருமைகளையெல்லாம் பாடி முடித்துவிட்டு, அருகில் நின்ற கட்டியக்காரனை நோக்கி ஒரு கேள்வி கேட்டான்.

“என் ஆணை செல்லாத இடம் இவ்வுலகில் உண்டோடா, கட்டியக்காரா?”

“உண்டு, மகாராஜா. தங்கள் கிரீடத்துக்குள்ளேயே ஓர் இடம் உண்டு.”

“அங்கே இருப்பவன் யாரடா?”

“ஒரு பேன், மகாராஜா. தாங்கள் ஐம்பத்தாறு தேசத்தையும் ஆளுகிறீர்கள். அது தங்களை ஆளுகிறது. அது கடித்தால் தாங்கள் சொறிகிறீர்கள். தாங்கள் அதட்டினால் அது அசைகிறதா?”

கூட்டம் முழுவதும் ஒரே குரலில் சிரித்தது. மன்னனாக நின்ற நடிகரின் கை, அவரை அறியாமலே, கிரீடத்தின் பக்கம் சென்று திரும்பியது. இறுகக் கட்டிய கிரீடத்துக்குள் விரல் நுழைய வழியேது?

பிறகு கட்டியக்காரன் ஒரு கதை சொன்னான். ஒரு கல்யாணத்துக்குத் தமிழ்ச் சம்பந்தி ஒருவரும் தெலுங்குச் சம்பந்தி ஒருவரும் வந்து சத்திரத்தில் தங்கினார்களாம். காலையில் தெலுங்குச் சம்பந்தி கண் சிவக்க எழுந்து வந்து, “ராத்ரந்தா நல்லி!” என்று புலம்பினாராம். தெலுங்கில் நல்லி என்றால் மூட்டைப்பூச்சி. இரவு முழுவதும் மூட்டைப்பூச்சித் தொல்லை என்று அவர் சொன்னார். தமிழில் நல்லி என்பது மூளை நிறைந்த எலும்பு அல்லவா? அதைக் கேட்ட தமிழ்ச் சம்பந்திக்கு வந்ததே கோபம்! நேரே பெண்ணின் தகப்பனாரிடம் போய், “எனக்கு வெறும் ரசம் ஊற்றி அனுப்பினீர்; அவருக்கு மட்டும் இரவு முழுவதும் நல்லியா?” என்று கேட்டாராம். அவரும் பணிவாகக் கைகூப்பி, “சம்பந்தி, மனவருத்தம் வேண்டாம். இன்றிரவு உமக்கும் அதே பாயைப் போடச் சொல்கிறேன்” என்றாராம்.

எனக்கு அருகில் இருந்த ஒரு பாட்டி சிரித்துச் சிரித்து, கண்ணீரை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். சற்று நேரத்தில் கூத்தின் போக்கு மாறியது. துச்சாதனன் திரௌபதியைக் கூந்தல் பற்றி இழுத்து வந்தான். அதே முந்தானை மறுபடியும் கண்ணுக்குச் சென்றது. இம்முறை அது அழுகைக் கண்ணீர். சிரித்து இளகிய நெஞ்சில் துயரம் எளிதாக இறங்குகிறது என்பதைக் கூத்தர்கள் நன்கு அறிந்திருக்கிறார்கள்.

மொழிபெயர்ப்பு என் அன்றாடத் தொழில். ஆணைகள், அறிக்கைகள், விதிகள், விளம்பரங்கள் ஆகியவற்றை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கு மாற்றிக்கொண்டே என் நாட்கள் கழிகின்றன. ஊர் திரும்பியதும், உடன் பணியாற்றும் வடநாட்டு நண்பர் ஒருவருக்கு அந்த நல்லிக் கதையை இந்தியில் சொன்னேன். முதலில் தெலுங்குச் சொல்லை விளக்கினேன். பின்னர் தமிழ்ச் சொல்லை விளக்கினேன். சம்பந்திகளுக்குள் நிலவும் மரியாதைச் சண்டைகளையும் விளக்கினேன். நண்பர் பொறுமையாகக் கேட்டார். “மிகவும் சுவையான கதை” என்றார். ஆனால் சிரிக்கவில்லை. நூறு பக்க அறிக்கையைச் சேதமின்றி அக்கரை சேர்க்கத் தெரிந்த எனக்கு, ஒரு மூட்டைப்பூச்சியைச் சேர்க்கத் தெரியவில்லை.

அந்தத் தோல்விதான் இன்றைய பேச்சுக்குக் காரணம். பேன், சொறி, குறட்டை, ஏப்பம், மூட்டைப்பூச்சி என்று, சபையில் சொல்லத் தயங்கும் பொருள்களைப் பற்றிக் கோமாளிகள் பேசிக்கொள்ளும் பேச்சை நாம் கீழானது என்று ஒதுக்கிவிடுகிறோம். ஒரு மொழியின் வேர் நனைந்திருப்பது அந்தப் பேச்சில்தான் என்பது என் எண்ணம். அதை இழப்பவர்கள் எதை இழக்கிறார்கள் என்பதை, வெளி மாநிலங்களில் வாழும் நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

கட்டியக்காரன் யார்? அரசன் வருமுன்னே அவனுடைய வருகையையும் விருதுகளையும் உரக்க அறிவிப்பதைக் கட்டியம் கூறுதல் என்பர். கூத்தில் அப்பணியைச் செய்பவன் கட்டியக்காரன். அவனே வாயிற்காவலன், அவனே தூதன், தேவைப்பட்டால் சேவகன். இரவு தொடங்கி விடியும்வரை நீளும் கூத்தில் மற்ற நடிகர்கள் வேடம் மாற்றவும் சற்று மூச்சு விடவும் அவன் நேரம் தேடித் தருகிறான். தூங்கி வழிபவர்களை எழுப்புகிறான். இவற்றினும் பெரிய பணி ஒன்று உண்டு. அரசன் விருத்தமாகப் பாடியதை அவன் தெருப் பேச்சில் திருப்பிச் சொல்லி, கூட்டத்துக்கு விளங்க வைக்கிறான். ஆகவே அவன் ஒரு மொழிபெயர்ப்பாளன். என் தொழிலின் முன்னோர்களில் அவனையும் சேர்த்துக்கொள்வதில் எனக்குப் பெருமை உண்டு.

இவனுக்கு இந்திய நாடெங்கும் உறவினர் உண்டு. வடமொழி நாடகங்களில் அரசன் சம்ஸ்கிருதம் பேசுவான். அவனுடைய தோழனாகிய விதூஷகன், அந்தணனாக இருந்தும், பிராகிருதமே பேசுவான். கேரளத்தின் கூடியாட்டத்தில் விதூஷகன் நாயகனின் சம்ஸ்கிருத சுலோகங்களை மலையாளத்தில் விளக்குகிறான். கூடவே கேலிச் சுலோகங்களையும் சொல்கிறான். அறம், பொருள், இன்பம், வீடு என்னும் நான்கு புருஷார்த்தங்களுக்குப் பதிலாக, உண்ணுதல், அரசனை அண்டிப் பிழைத்தல், கேளிக்கை, ஏமாற்றுதல் என்னும் நான்கை நிறுத்திப் பல இரவுகள் பேசுவான். 2001இல் யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் அரிய கலைச்செல்வங்களுள் ஒன்றாக அறிவித்த கூடியாட்டத்தில், சாப்பாட்டு வேடிக்கைக்கும் இவ்வளவு பெரிய இடம் இருக்கிறது.

அரசர்களே இந்தச் சுவையை வெறுத்ததில்லை. காஞ்சியிலிருந்து ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மத்தவிலாசப் பிரகசனம் என்ற நகைச்சுவை நாடகத்தை எழுதினான். கபாலிகன் ஒருவனும் அவன் துணைவியும் கள்ளுண்டு மயங்கிய நிலையில் காஞ்சித் தெருவில் அலைகிறார்கள். பிச்சைப் பாத்திரமாகக் கொண்டிருந்த மண்டையோடு காணாமற் போகிறது. அதில் வறுத்த இறைச்சி இருந்ததால், அதை நாய் எடுத்திருக்க வேண்டும், அல்லது ஒரு பௌத்தத் துறவி எடுத்திருக்க வேண்டும் என்று கபாலிகன் துணிகிறான். துறவி பிடிபடுகிறார், வழக்காடுகிறார்கள், சமய தத்துவங்களெல்லாம் அந்த மண்டையோட்டைச் சுற்றி வந்து விழுகின்றன. கடைசியில் ஒரு பித்தன் அதைக் கொண்டு வருகிறான். அவன் அதை ஒரு நாயிடமிருந்து பறித்தவன். மண்டையோடு, இறைச்சி, நாய் ஆகிய மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு பேரரசன் சமயவாதிகளின் ஆரவாரத்தை அடக்கிக் காட்டினான்.

தமிழ் இலக்கணமும் சிரிப்பை ஒதுக்கவில்லை. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறும்போது நகையையே முதலில் வைத்தார். பிறரை எள்ளுதல், இளமைத்தன்மை, அறியாமை, மடமை என்னும் நான்கிலிருந்து அது பிறக்கிறது என்றார். திருக்குறளை நாம் நீதி நூலாகவே பிள்ளைகளுக்கு ஓதுகிறோம். அதே வள்ளுவர் புலவி நுணுக்கம் என்னும் 132ஆம் அதிகாரத்தில் ஒரு தும்மலை வைத்து எவ்வளவு அழகாக விளையாடுகிறார்! கணவன் தும்முகிறான், மனைவி வாழ்த்துகிறாள், உடனே, உம்மை நினைத்தவள் யார் என்று அழுகிறாள். அடுத்த குறளில் அவன் அஞ்சித் தும்மலை அடக்குகிறான். உமக்கு வேண்டியவள் நினைப்பதை என்னிடம் மறைக்கிறீரோ என்று அதற்கும் அழுகிறாள். தும்மினாலும் குற்றம், தும்மாவிட்டாலும் குற்றம்.

இப்படிச் சொல்வதால், கோமாளி எதைச் சொன்னாலும் போற்ற வேண்டும் என்பது என் கருத்தன்று. வடமாலபேட்டைப் பக்கத்தில் நான் கண்ட அதே கட்டியக்காரன், முன்வரிசையில் இருந்த ஒரு முதியவரின் விந்திய நடையையும் நடித்துக் காட்டினான். அப்போதும் சிரிப்பு எழுந்தது. ஆனால் அந்த முதியவர் சிரிக்கவில்லை. அவரருகில் இருந்த பேரனும் சிரிக்கவில்லை. பேன் கதைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்: பேன் எல்லாத் தலையிலும் ஏறும், அதைச் சொல்லிச் சிரிக்கும்போது அரசனும் ஆண்டியும் ஒரே தலையுடையவர் ஆகின்றனர். விந்தி நடப்பவர் ஒருவர். அவரைச் சொல்லிச் சிரிக்கும்போது கூட்டம் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் ஆகின்றனர். நம் திரைப்படங்களிலும் இவ்விரு வகையும் கலந்தே வந்துள்ளன. 1989இல் வெளிவந்த கரகாட்டக்காரன் படத்தில் கவுண்டமணியும் செந்திலும் இரண்டு வாழைப்பழங்களுக்காக வழக்காடினார்கள். ஒன்றும் இல்லாத அந்த வழக்கை நாடு முழுவதும் உள்ள தமிழர் இன்றும் மறக்கவில்லை. நிறத்தையும் பருமனையும் பல்லையும் இகழ்ந்த வேடிக்கைகளும் அக்காலத்தில் ஏராளமாக வந்தன. அவற்றை இன்று பிள்ளைகளுடன் அமர்ந்து பார்க்க நமக்கே கூச்சமாக இருக்கிறது. காலம் தானே சலித்துக் கொடுக்கிறது.

மீண்டும் அந்த இரவுக்கு வருகிறேன். பேன் என்றதும் தமிழர், தெலுங்கர் என்ற வேறுபாடின்றி எல்லோரும் ஒரே கணத்தில் சிரித்தது ஏன்? தெலுங்கிலும் அது பேனு. ஈர் அங்கே ஈரு; தும்மல் அங்கே தும்மு; குறட்டை அங்கே குரக. அரசாங்கச் சொற்கள் மொழிக்கு மொழி வேறுபடுகின்றன. அரிப்பும் தும்மலும் சகோதரிகளைப் போல முகச்சாயல் மாறாமல் நிற்கின்றன. 1959இல் இயற்றப்பட்ட எல்லை மாற்றச் சட்டம் 1960 ஏப்ரல் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. சித்தூரும் புத்தூரும் நகரியும் ஆந்திரத்திலேயே நின்றன. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ கிளர்ச்சிகள், எத்தனையோ மனக்கசப்புகள். ஆயினும் அந்தக் கூத்து மேடையின் முன் அமர்ந்தவர்கள் இரு மொழியையும் கேட்டு ஒன்றாகவே சிரித்தார்கள். நல்லிக் கதையோ, இரண்டு மொழியும் தெரிந்தவர்களுக்கு மட்டுமே கிடைக்கும் இரட்டைச் சிரிப்பு. எல்லையில் வாழ்வோருக்கு மட்டும் விளையும் பயிர் அது.

அப்படியானால், தமிழகத்தை விட்டு வெகு தொலைவில், தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழ்கிற நமக்கு அந்தச் சிரிப்பு எட்டாததுதானா? நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். தோற்பாவைக் கூத்தர்களைப் பற்றி அறிந்த பிறகு என் எண்ணம் மாறியது. தமிழ்நாட்டின் தென்கோடியில் தோற்பாவைக் கூத்தில் இராமாயணக் கதைக்கு நடுவே உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்னும் இருவர் தோன்றி, உண்பதையும் உறங்குவதையும் பற்றி வாய்ச்சண்டை போடுவார்கள். ஆந்திரத்தின் தோலு பொம்மலாட்டத்தில் ஜுட்டுப்போலிகாடும் அவன் மனைவி பங்காரக்காவும் கூச்சமின்றிச் சண்டையிடுவார்கள். ஜுட்டு என்றால் குடுமி. இரு நாட்டுக் கோமாளிகளின் பெயரிலும் உச்சி, தலை, குடுமி என்று தலையே முன்னிற்பது வேடிக்கைதான்.

இதைவிட வியப்பானது ஒன்று உண்டு. இவ்விரு நாட்டுப் பாவைக் கூத்துக் குடும்பங்களில் பலவும் மராத்தி வழி வந்தவை. வீட்டில் மராத்திச் சாயலுள்ள மொழியைப் பேசிக்கொண்டே, வெளியில் ஒரு சாரார் தமிழரையும் மற்றொரு சாரார் தெலுங்கரையும் தலைமுறை தலைமுறையாகச் சிரிக்க வைத்தார்கள். ஆந்திரத்து நிம்மலகுண்டாவைச் சேர்ந்த தோற்பாவைக் கலைஞர் தளவாய் சலபதி ராவ் அவர்களுக்கு 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அந்தக் கலைக் குடும்பங்கள் அயல்மொழியின் வேடிக்கையை ஏட்டில் படித்துக் கற்றவை அல்ல. பாவைப் பெட்டியோடு ஊர் ஊராகப் போய், அந்தந்த ஊர்த் திண்ணையில் உண்டு, உறங்கி, கொசுக்கடி பட்டுக் கற்றுக்கொண்டன. சிரிப்பு பிறப்பினால் மட்டும் வருவதன்று. கூடி வாழ்வதாலும் வரும்.

என் அண்டை வீட்டில் ஒரு தமிழ்ச் சிறுமி இருக்கிறாள். பிறந்ததும் வளர்வதும் தில்லியில். நூறு குறளுக்கு மேல் தடையின்றிச் சொல்வாள். தமிழ்ச் சங்கப் போட்டியில் பரிசும் பெற்றிருக்கிறாள். ஒருநாள் அவளுக்கு விக்கல் வந்தது. “விக்கலா? தண்ணீர் குடி” என்றேன். விக்கல் என்றால் என்ன என்று அவள் கேட்டாள். அவளுக்கு அது இந்தியில் ஹிச்கிதான். கொட்டாவி, ஏப்பம், பொடுகு, கண்ணில் படியும் பீளை, கால் மரத்துப் போவது ஆகிய எதற்கும் அவளிடம் தமிழ்ச் சொல் இல்லை. அறம் என்ற சொல் தெரிந்த குழந்தைக்கு அரிப்பு என்ற சொல் தெரியவில்லை. குற்றம் அவளுடையது அன்று. மேடைக்கு உரிய தமிழை மட்டுமே நாம் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தோம். அடுக்களைத் தமிழையும் திண்ணைத் தமிழையும் ஊரிலேயே விட்டுவிட்டோம்.

ஆகவே, நேயர்களே, உங்களிடம் ஒரு சிறு வேண்டுகோள். பிள்ளைகளுக்குக் குறளைச் சொல்லிக் கொடுங்கள். அதோடு தாத்தாவின் குறட்டையைப் பற்றியும் தமிழில் சொல்லிச் சிரியுங்கள். ஊரிலிருந்து வரும் பெரியவர்களை, குழந்தை முன்னிலையில் இப்படியெல்லாம் பேசலாமா என்று அடக்கிவிடாதீர்கள். பிறரை நோகச் செய்யாத வரையில் அந்தப் பேச்சில் அழுக்கு ஒன்றும் இல்லை.

சென்ற ஆண்டு அச்சிறுமியின் பாட்டி ஊரிலிருந்து வந்து மூன்று மாதம் தங்கினார். பேத்தியும் பாட்டியும் இரவெல்லாம் ஏதோ பேசிச் சிரிப்பது சுவரைக் கடந்து எங்களுக்குக் கேட்கும். ஒரு மாலை அவ்விருவரும் எங்கள் வீட்டிற்கு வந்திருந்தபோது, சிறுமி ஒரு கதை சொன்னாள். பாட்டி கடைக்குப் போனாளாம். கடைக்காரன், “ஏக் பல், மாதாஜி” என்றானாம். இந்தியில் பல் என்றால் கணப்பொழுது. ஒரு நொடி பொறுங்கள் அம்மா என்று அவன் சொன்னான். பாட்டியோ கோபத்தோடு வீட்டுக்குத் திரும்பி வந்து, “எனக்கு ஒரு பல்தான் மிச்சம் என்பதை இவனிடம் யார் போய்ச் சொன்னது?” என்று கேட்டாளாம்.

இக்கதையை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளே கட்டியது. வடமாலபேட்டையின் நல்லிக் கதைக்குத் தில்லியில் ஒரு தங்கை பிறந்துவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். எங்களைவிட அதிகமாகச் சிரித்தவர் அந்தப் பாட்டிதான். வாயை மூடிக்கொள்ளக் கை எழுவதற்குள், அந்த ஒரு பல் எங்கள் கண்ணில் பட்டுவிட்டது.